கணக்கில் சேராத இங்கிலீஷ்

1

போன வருஷம் இதே மே மாதத்தில், போனில் மட்டுமே தெரிந்த ஒரு பேஸ்பால் கோச்சிடம் என் மகனுடைய சட்டை அளவைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் போனால் வரும் ஒரு பல்கலைக்கழகத்தின் கோச் அவர். என் மகனைத் தன் அணிக்குக் கேட்டு மூன்றாவது தடவையாகப் போன் செய்திருந்தார். "முதல் வருஷம் அவனை ரெட் ஷர்ட் செய்யலாம் என்று நினைக்கிறோம், மேடம்" என்றார். அணியில் சேருகிற பையனுக்கு ஒரு சட்டை கொடுக்கிறார்கள், மரியாதைக்காக என்னைக் கேட்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். "ரொம்ப நன்றி. எக்ஸ்ட்ரா லார்ஜ். தோள்பட்டை கொஞ்சம் அகலம்" என்றேன். மறுமுனையில் ஒரு சின்ன இருமல் கேட்டது. பிறகு, "சரி மேடம், குறித்துக்கொள்கிறேன்" என்றார். நல்ல மனிதர்.

சாயங்காலம் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ரெட் ஷர்ட் என்றால் ஒரு வருஷம் அணியோடு பயிற்சி செய்யலாம், ஆனால் ஆட்டத்தில் இறங்க முடியாது என்று அர்த்தமாம். அதாவது சட்டை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. இதற்கு எதற்கு சிவப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் பெயர் அரவிந்த். வயது பத்தொன்பது. விளையாடுகிற பையன்கள் அவனை ஆர்வி என்று கூப்பிடுகிறார்கள். ஆர்.வி. என்றால் இங்கே ஒரு வீட்டையே உள்ளே வைத்துக்கொண்டு ஃப்ரீவேயில் மெதுவாகப் போகும் பெரிய வண்டி. அவனுடைய உடம்பைப் பார்த்து வைத்த பெயர்தான், தப்பாக ஒன்றும் இல்லை. அவனுக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதில் கருவி வைத்தால், எதிரே நின்று பேசுகிறவர்களின் உதட்டையும் பார்த்துப் புரிந்துகொள்வான். போனில் உதடு தெரியாது. அதனால் போன் என்னிடம் வருகிறது. அந்தக் கோச்சுக்கோ இமெயில் பழக்கமில்லை.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பையன் என்ன படிக்கிறான்? ஏதோ பந்து விளையாடுறானாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் அவன் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். உங்களுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

2

தொண்ணூறாம் வருஷம் சன்னிவேலுக்கு வந்தோம். எல் கமினோ ரியல் சாலைக்குப் பின்னால் ஒரு அடுக்ககத்தில் வீடு. என் கணவர் சிப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அரவிந்துக்கு அப்போது எட்டு வயது. திருச்சியில் இருந்தவரை வாய் மூடாத பையன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் எங்கள் வீட்டுச் சமாச்சாரம் எல்லாவற்றையும் இறங்குவதற்குள் சொல்லிவிடுவான். இங்கே வந்த புதிதில் அவனுடைய பேச்சைக் கேட்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அதனால் இரண்டு பங்காகப் பேசினான்.

இரண்டாவது குளிர்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைப்பானா என்று இருந்த சில நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. பிழைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்தான். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்மணியை அனுப்பினார்கள். அன்பான பெண்தான். அவள் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்: "இந்தக் குழந்தைக்கு மிச்சம் இருக்கிற கேட்கும் சக்தி கொஞ்சம்தான். அதை இரண்டு மொழிகளுக்குப் பங்கு போடாதீர்கள். பள்ளியில் இங்கிலீஷ். வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும்."

"வீட்லயுமா?" என்று இவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். அந்தப் பெண் விரலை உதட்டில் வைத்துப் புன்னகைத்தாள்.

அன்று மாலையிலிருந்து வீட்டில் இங்கிலீஷ். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. டைட்ரேஷன் எப்படிச் செய்வது என்று இங்கிலீஷில் எழுதத் தெரியும். பிள்ளைக்கு வயிறு வலித்தால் இங்கிலீஷில் என்ன சொல்லித் தடவிக்கொடுப்பது என்று தெரியாது. கொஞ்சத் தெரியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திட்டத் தெரியவில்லை. திட்டத் தெரியாத மொழியில் பிள்ளை வளர்க்கிற கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "ஐ யாம் வெரி ஆங்ரி" என்பேன். அவன் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "ஓகே" என்பான். அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு வருஷத்தில் அவனுடைய தமிழ் நின்றது. இரண்டு வருஷத்தில், நானும் இவரும் எங்களுக்குள் பேசிக்கொள்வதைக்கூட அவன் பார்ப்பதை விட்டுவிட்டான்.

சன்னிவேலிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டப்ளினுக்குக் குடிவந்த பிறகு வேறொரு நிபுணரைப் பார்க்க நேர்ந்தது. அவர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "யார் அப்படிச் சொன்னது? இரண்டு மொழி பேசினால் ஒரு கெடுதலும் இல்லையே" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா, கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சொல்வதைப் போல. நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மலை மேல் ஏறுகிற ஃப்ரீவேயில் இவரிடம் வாய் வலிக்கும்வரை பேசினேன், தமிழில். பின்சீட்டில் அரவிந்த் ஜன்னல் வழியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

3

பேஸ்பாலுக்கு அவனை அனுப்பியதும் யாரோ சொல்லித்தான். பிள்ளை தனியாக இருக்கக் கூடாது, ஏதாவது ஒரு அணியில் சேருங்கள் என்றார்கள். முதலில் கால்பந்தில் சேர்த்தோம். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திய பிறகும் இவன் மட்டும் ஓடிப்போய்க் கோல் போட்டுவிட்டு, எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு காரிலிருந்து இறங்க மறுத்துவிட்டான்.

பேஸ்பாலில் முதல் நாள் அவனை விட்டுவிட்டு வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். எனக்கு அந்த ஆட்டம் ஒன்றுமே புரியவில்லை. கோச் ஒருவர் தன்னுடைய தொப்பியைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், பெல்ட்டைத் தடவினார். அரிப்பு என்று நினைத்தேன். நடுவர் பேசாமல் விரல்களைக் காட்டினார். பந்தைப் பிடிக்கிற பையன் கால்களுக்கு நடுவே கையை மறைத்து வைத்து ஒரு விரல், இரண்டு விரல் என்று காட்ட, பந்து போடுகிறவன் தலையாட்டினான்.

அரவிந்த் காருக்குத் திரும்பி ஓடி வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மாம், இங்கே யாரும் பேசுவதே இல்லை" என்றான்.

அன்றிலிருந்து அந்த விரல் காட்டுகிற இடத்துக்குத்தான் ஆசைப்பட்டான். கேட்சர் என்று பெயர். நம் ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தில் கம்பி மூடி போட்டுக்கொண்டு பந்தைப் பிடிக்கிறவன். ஆட்டத்தில் இருக்கிற ஒன்பது பேரில் எட்டுப் பேர் இவனைப் பார்த்து நிற்பார்கள், இவன் ஒருவன்தான் மைதானம் முழுவதையும் பார்ப்பான். ஒருவர் உதட்டையும் தவறவிடக் கூடாத பையனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது, இத்தனை இடம் இருக்க அடிபடுகிற இடத்தையா எடுப்பான் என்று எரிச்சலாக இருந்தது.

இவருக்கு வேறு வருத்தம். "கிரிக்கெட்டா இருந்தாலாவது ஊர்ல சொல்லிக்கலாம்" என்பார்.

4

டப்ளினில் உயர்நிலைப் பள்ளி. அங்கே அரவிந்த் பட்ட பாட்டில் பாதிக்குக் காரணம் காதுக் கருவி. தலைக்கவசத்துக்குள் அது விசிலடிக்கும். வியர்வை பட்டால் செத்துப்போகும். செத்துப்போனால் பழுதுபார்த்து வரப் பல நாள் ஆகும். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் கேட்டால், காது கேட்பது அத்தியாவசியம் இல்லை என்கிற அர்த்தத்தில் மிக மரியாதையாகப் பதில் சொல்வார்கள்.

பள்ளியின் கோச் முதல் வருஷம் அவனை உட்காரவைத்தார். அவர் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. பந்து உயரே போகும்போது இரண்டு பேர் அதன் கீழே ஓடி வருவார்கள். "எனக்கு, எனக்கு" என்று முதலில் கத்துகிறவனுக்கு மற்றவன் விட்டுக்கொடுக்க வேண்டும். இவனுக்குக் கேட்காது. முட்டிக்கொண்டால் பல் போகும், தாடை போகும். அரவிந்த் அவரிடம் போய், "நான் கூப்பிட்டால் எடுப்பேன், அவர்கள் கையை அகல விரித்தால் நான் நின்றுவிடுவேன். கத்துவதற்குப் பதிலாகக் கையை விரிக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டான். அதைப் பையன்களுக்குப் பழக்க ஒரு பருவம் முழுக்க ஆனது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவனையும் பிடித்து நிறுத்தி, இருட்டுகிறவரை பந்தைத் தூக்கிப்போட்டுப் பழக்கினான். நான் காரில் உட்கார்ந்து, வேலை பார்க்கிற லேபில் முடிக்காத டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருஷம் இடம் கிடைத்தது. கிடைத்த மூன்றாவது ஆட்டத்தில் எதிரணியின் கோச் மைதானத்துக்குள் நடந்து வந்து, இந்தப் பையன் காதில் ரேடியோ வைத்திருக்கிறான், யாரோ அவனுக்குத் தகவல் சொல்கிறார்கள் என்று புகார் செய்தார். ஆட்டம் நின்றது. நடுவர் அரவிந்தின் பக்கவாட்டில் நின்றுகொண்டு ஏதோ கேட்டார். அவனுக்கு அவர் உதடு தெரியவில்லை, பேசாமல் நின்றான். பேசாமல் நின்றது சந்தேகத்தை அதிகமாக்கிவிட்டது.

எங்கள் கோச் எழுந்து வருவதற்குள் நான் இறங்கிப் போய்விட்டேன். "இட் ஈஸ் ஹிஸ் ஹியரிங் எய்ட்" என்றேன்.

நடுவர் அவனுடைய முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார். "அவன் எட்டு இல்லையே மேடம், இருபத்திரண்டு" என்றார்.

"எய்ட், எய்ட்" என்று காதைத் தொட்டுக் காட்டினேன். என் வாயில் அந்த வார்த்தை எத்தனை தரம் போனாலும் எட்டாகவே வெளியே வந்தது. கடைசியில் அரவிந்த் தலைக்கவசத்தைக் கழற்றிக் கருவியைக் கையில் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அது அங்கேயும் விசிலடித்தது. நடுவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரணிக் கோச்சைப் பார்த்த பார்வை ஒன்றுதான் அந்த வருஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

காரில் வரும்போது அவன் சொன்னான், "மாம், இனிமேல் மைதானத்துக்குள் வராதீர்கள். ப்ளீஸ்."

5

இப்போது அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே தலை சூடாகிறது.

பள்ளியின் கடைசி வருஷத்தில், பல்கலைக்கழகக் கோச் அவனுடைய ஆட்டத்தை வந்து பார்த்தார். அவன் குந்தியிருந்தபடியே மைதானத்தில் நேர் எதிரே தூரத்தில் இருக்கிற செகண்ட் பேஸுக்குப் பந்தை எறிகிற வேகம் அவருக்குப் பிடித்துவிட்டது. படிப்புக்கும் உதவி செய்கிறோம் என்றார். ஆனால் கல்லூரி அணிகளில் ஆடுவதற்கு மாணவன் தகுதியானவனா என்று சரிபார்க்க ஒரு தனி அலுவலகம் இருக்கிறது, வேறு ஏதோ மாநிலத்தில். அவர்கள் அவனுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் பாடம் போதவில்லை என்றார்கள்.

ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் அரவிந்த் இங்கிலீஷை ஒரு சிறிய அறையில் படித்தான். காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்காக, ஆசிரியர் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு நடத்துகிற வகுப்பு. அதே புத்தகம், அதே பரீட்சை. பள்ளிக்கூடம் அந்த வகுப்புக்கு ஒரு தனி எண் கொடுத்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்த உடனே, இது சிறப்புப் பிள்ளைகளுக்கான வகுப்பு, கல்லூரிக்கான இங்கிலீஷ் அல்ல, கணக்கில் சேராது என்று அலுவலகம் முடிவு செய்துவிட்டது. கோச் என்னிடம் ரெட் ஷர்ட் என்று சொன்னதும் இதனால்தான். அதுவும்கூட, அலுவலகம் மனம் மாறினால்தான் என்பது பிறகு தெரிந்தது.

நீங்களே சொல்லுங்கள். இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்தினோம். தாயும் பிள்ளையும் பேசிக்கொள்கிற பேச்சையே நிறுத்தினோம். எட்டு வருஷம் கழித்து, அவன் கற்றது இங்கிலீஷே அல்ல என்று ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறார்.

போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, "ஸ்டூடன்ட் அத்லெட்டுக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டாள். அவன் பெயரை அவர்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்டூடன்ட் அத்லெட்தான்.

"ஸ்டூடன்ட் அத்லெட்டின் அம்மா" என்றேன்.

"அவருக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. நாங்கள் அவரிடம்தான் பேச முடியும். அவரைப் போனில் வரச் சொல்லுங்கள்."

"அவனுக்குப் போனில் கேட்காது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்கிறேன்."

"புரிகிறது, மேடம். ஆனால் அவர் போனில் வந்து, உங்களிடம் பேச எங்களுக்கு அனுமதி கொடுத்தால்தான் நாங்கள் உங்களிடம் பேச முடியும்."

காது கேட்காதவர்களுக்காக இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. இவன் ஒரு கருவியில் தட்டச்சு செய்வான். நடுவில் ஒரு ஆபரேட்டர் அதைப் படித்துச் சொல்லி, அவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்து அனுப்புவார். அப்படிக் கூப்பிட்டோம். "இது ரிலே அழைப்பு" என்று ஆபரேட்டர் ஆரம்பித்த உடனே, எதையோ விற்க வருகிறார்கள் என்று நினைத்து அந்த அலுவலகத்தில் போனை வைத்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டோம். மறுபடியும் வைத்தார்கள். அரவிந்த் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அவர்கள் வைத்துவிட்டார்கள்" என்று ஆபரேட்டர் அனுப்பிய வரி அதில் பச்சையாக ஓடியது. கருவியை மூடிவிட்டு எழுந்து போனான். கோபம் அவனுக்கு வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது.

அந்தச் சிறிய அறையில் பாடம் நடத்திய லிண்ட்கிரென் என்கிற ஆசிரியர் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். நான் போய் நின்றதும் பீரோவைத் திறந்து இரண்டு வருஷத்துக் கேள்வித்தாள்களையும் எடுத்தார். பெரிய வகுப்பின் கேள்வித்தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றே என்று விளக்கி அனுப்பினார். "என்னுடைய வகுப்பை வகுப்பு இல்லை என்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அடுத்தபடியாக இந்த விஷயத்தில் எரிச்சல்பட்ட ஒரே மனிதர்.

அலுவலகம் ஒப்புக்கொண்டது. அக்டோபரில். கல்லூரி தொடங்கியது ஆகஸ்டில். கோச் அரிசோனாவிலிருந்து வேறொரு கேட்சரை எடுத்துவிட்டிருந்தார். மிகவும் வருத்தப்பட்டுப் பேசினார். சட்டை பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

6

நடுவில், ஜூலை மாதத்தில், வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அலுவலகம் பதில் சொல்வதாகத் தெரியவில்லை. அரவிந்துக்கு மார்க் இருந்தது. இன்னொரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடமும் இருந்தது. அங்கே பேஸ்பால் அணி கிடையாது. இவர் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தார்.

"இதோடு போதும். உனக்கு நல்ல மூளை இருக்கிறது. அங்கே போய்ச் சேர்" என்று இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார்.

"நான் இரண்டு வருஷக் கல்லூரிக்குப் போகிறேன்" என்றான் அரவிந்த். "அங்கே ஆட அந்த அலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. இரண்டு வருஷம் ஆடிவிட்டு, பெரிய கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்."

இரண்டு வருஷக் கல்லூரி என்றால் யார் வேண்டுமானாலும் சேரலாம். மார்க் இல்லாதவர்கள் போகிற இடம் என்றுதான் நம்மவர்கள் நினைப்பு. இவருக்கு முகம் மாறியது. கோபம் ஏறினால் இவருக்கு இங்கிலீஷ் போய்விடும்.

"கிடைச்ச எடத்த விட்டுட்டு ஜூனியர் காலேஜுக்குப் போறேங்கிறான். எதிர்காலத்தப் பத்தி ஏதாவது பொறுப்பு இருக்கா இவனுக்கு? ரெண்டு பந்தப் பிடிச்சா சோறு கிடைக்குமா? நாளைக்கு ஒரு அடி பட்டு உக்காந்தா யார் பாக்கிறது?"

அரவிந்த் அவர் வாயையே பார்த்தான். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"இங்கிலீஷில் சொல்லுங்கள், டாட்" என்றான். "எனக்கு அது தெரியவில்லை."

கேட்கவில்லை என்று சொல்லவில்லை. தெரியவில்லை என்றான், கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எழுத்து தெரியவில்லை என்பதைப் போல. இவர் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு இங்கிலீஷில் சொல்ல முயன்றார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "உன் இஷ்டம்" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதை மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை ஆயிற்று. "ஹி சேஸ் ஓகே" என்றேன். பத்து வருஷமாக இந்த வீட்டில் நான் பார்க்கிற உத்தியோகம் அதுதான்.

லிவர்மோர் கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போது ஒரு ஆண்ட்டி கேட்டாள். "ஜூனியர் காலேஜா? ஏங்க, நல்லாத்தானே படிச்சான்? காதுனாலயா?" நான் ஆமாம் என்றேன். அவளிடம் அந்த அலுவலகத்தைப் பற்றி ஆரம்பித்தால் நடை சாத்துகிறவரை பேச வேண்டியிருக்கும்.

செப்டம்பரிலிருந்து அரவிந்த் விடியற்காலையில் கடை ஒன்றில் சரக்கு இறக்கினான், பகலில் படித்தான், மாலையில் பயிற்சி. அந்த அணியில் ஏற்கெனவே இரண்டு கேட்சர்கள் இருந்தார்கள். பிப்ரவரியில் ஆட்டங்கள் ஆரம்பித்தபோது இவன் மூன்றாவது ஆள். மார்ச்சில் முதல் ஆள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், "நான் முதலில் வருகிறேன், கடைசியில் போகிறேன்" என்று மட்டும் சொன்னான். அவனுடைய சட்டைகளைத் துவைக்கிறவள் என்கிற முறையில் அது உண்மை என்று நான் சாட்சி சொல்ல முடியும்.

அதே மார்ச்சில் இவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். இவரும் அதில் போனார். முதல் வாரம் ரெஸ்யூமே அனுப்பினார். இரண்டாவது வாரம், "சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்றது?" என்று ஆட்டம் பார்க்க வந்தார். இப்போது ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. மடக்கு நாற்காலி, தொப்பி, பேனா சகிதம் வந்து, ஒவ்வொரு பந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எனக்கு விதிகளை விளக்குகிறார். பத்து வருஷமாக நான் வேலிக்கு வெளியே நின்று கற்றுக்கொண்டதை இரண்டு மாதத்தில் எனக்கே சொல்லித்தருகிறார். என்ன செய்ய முடியும்?

ஏப்ரலில் டெக்சாஸிலிருந்து ஒரு கல்லூரி கேட்டது. இந்த ஆகஸ்டிலேயே வரட்டும், இரண்டாம் வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டாம், படிப்புச் செலவில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கையெழுத்தாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. டெக்சாஸில் வெயில் எப்படி இருக்கும், அங்கே காதுக் கருவியை யார் பழுதுபார்ப்பார்கள் என்று கேட்டதற்கு அவன் தோளைக் குலுக்கினான்.

7

போன சனிக்கிழமை, இந்தக் கல்லூரிக்காக அவன் ஆடிய கடைசி ஆட்டம். மேடைகூடச் சரியாக இல்லாத மைதானம். மட்டைக்காரனுக்குப் பின்னால் கம்பி வலை, வலைக்குப் பின்னால் நாலு வரிசைப் பலகை. நான் எப்போதும் முதல் வரிசையில், அவன் முதுகுக்கு நேர் பின்னால் உட்காருவேன். அங்கே உட்கார்ந்து நான் தமிழில்தான் பேசுவேன். "எந்திரிடா, எறிடா, முட்டிய மடக்கு, தண்ணி குடி." அவனுக்குக் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. இந்த நாட்டில் நான் நிம்மதியாகத் திட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

ஏழாவது சுற்றில் பந்து மட்டையின் விளிம்பில் பட்டு நேராக மேலே போனது. பிறகு காற்றில் பின்பக்கமாக, எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. அரவிந்த் முகமூடியை வீசிவிட்டுத் திரும்பினான். அண்ணாந்து பார்த்தபடி ஓடி வந்தான். இப்படி ஓடி வருகிறவனுக்கு, வேலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மற்றவர்கள் கத்திச் சொல்வார்கள். எல்லாரும் கத்தினார்கள். "வேலி, வேலி, இடமில்லை." கையை விரித்துக் காட்டவும் அங்கே யாரும் இல்லை, அவன் கண் வானத்தில் இருந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. எனக்கு, பாக்கி இருக்கிற பரிசோதனையைச் செய்யப்போகிற டெக்சாஸ் டாக்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

"இடிச்சுக்கப் போறடா, நில்லுடா" என்று எழுந்து கத்தினேன்.

வலை முழுவதும் அதிர்ந்தது. வலது தோள் இரும்புக் கம்பத்தில் மோதி, அவன் சரிந்து வலையின் அடியில் உட்கார்ந்தான். இடது கையில் இருந்த கையுறையைத் தூக்கிக் காட்டினான். பந்து உள்ளே இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இவர் தாளில் ஏதோ எழுதினார்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் வலை மட்டும்தான் இருந்தது. குனிந்து, "எங்கடா இடிச்சுக்கிட்ட? தோள்லயா? கையத் தூக்கு பாப்போம்" என்றேன். இங்கிலீஷ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவன் என் வாயைப் பார்த்தான். மூச்சு வாங்கியது.

"இடிச்சுக்கலம்மா" என்றான்.

குரல் பெரிய ஆளுடையது. தமிழ் மட்டும் சின்னப் பையனுடையது, மழலை மாதிரி, 'ல' சரியாக விழவில்லை. சொன்னபிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்து, இடது கையால் முகமூடியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

தோளில் நீலம் கட்டியதோடு சரி, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று திங்கட்கிழமை டாக்டர் சொன்னார். சனிக்கிழமை அது எனக்குத் தெரியாது.

"என்ன சொன்னான்?" என்று இவர் கேட்டார்.

"பொய் சொல்றான்" என்றேன். "அந்தக் கையத் தூக்கவே இல்ல, பாருங்க."

அடுத்த பந்துக்கு அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நல்லாப் பொய் சொல்றான்" என்று இவரிடம் இன்னொரு தரம் சொன்னேன்.